இரண்டாவது பட்டத்துக்கு எதற்கு உதவி?

(நம் அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



ஆண்டறிக்கையும் வரவு செலவும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை வாசித்து உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. இன்று உங்கள் ஒப்புதலுக்கு வந்திருக்கும் புதிய விஷயம் ஒன்றுதான். நம் கல்வி உதவித் திட்டத்தில் முதுநிலைப் பொறியியலையும், குறிப்பாகத் தொழிற்சாலை நிர்வாகம் சார்ந்த எம்.இ., எம்.டெக் படிப்புகளையும் சேர்க்கலாமா என்பது. செயற்குழுவில் இது எளிதாக முடிவாகவில்லை. "ஒரு பட்டம் இல்லாத பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, பட்டம் வாங்கியவனுக்கு மறுபடியும் எதற்கு?" என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே நிற்கிறோம்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பட்டம் என்பது நம் முன்னோடிகள் வகுத்த விதி. அவர்கள் காலத்தில் ஒரு வீட்டில் ஒருவர் பி.இ. முடித்தாலே தெரு முழுக்க இனிப்பு வழங்குவார்கள். அந்த விதியால் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி வந்தார். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விதியைக் காட்டி நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பி வந்தார். தகப்பனார் டேனரியில் கூலி வேலை. தம்பி மெக்கானிக்கலில் முதல் வகுப்பு. கேட் தேர்விலும் தேறி, அரசுக் கல்லூரி ஒன்றில் எம்.இ. இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்கில் இடமும் கிடைத்திருந்தது. முதல் செமஸ்டர் கட்டணமும், ஹாஸ்டல் முன்பணமும், அரசு உதவித்தொகை வந்து சேரும் வரை கைச்செலவும்தான் கேட்டார். "அதில் என்ன படிப்பீங்க தம்பி?" என்று கேட்டோம். "ஒர்க் ஸ்டடி, ஆபரேஷன்ஸ் ரிசர்ச், குவாலிட்டி" என்றார். மேஜையைச் சுற்றி இருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. "விதிப்படி இயலாது" என்று எழுதிக் கையெழுத்திட்டோம். தம்பி வளைகுடாவுக்குப் போய்விட்டார். இப்போது ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். அல்ஹம்துலில்லாஹ், ஹலாலான சம்பாத்தியம், வீட்டுக்குப் பணம் வருகிறது. ஆனால் அவர் கேட்டது என்னவென்றே தெரியாமல் மறுத்தோமே, அதுதான் உறுத்துகிறது.

ஆகவே இந்த ஆண்டு மறுபடியும் இதே போன்ற விண்ணப்பம் வந்தபோது, முதலில் பாடத்திட்டங்களை வாங்கி வந்து படித்தோம். இந்தப் படிப்பை முடித்து ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார வைத்துப் பாடம் கேட்டோம். நமக்குப் புரிந்த அளவுக்கு உங்களுக்கும் சொல்கிறோம்.

மெக்கானிக்கல் படிப்பவர் ஒரு மெஷின் எப்படி ஓடுகிறது என்று படிக்கிறார். இந்தப் படிப்பில் சேருபவர், ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்குச் சரக்கு எப்படிப் போகிறது, எங்கே தேங்குகிறது, யார் காத்திருக்கிறார், அதற்கு எவ்வளவு பணம் கரைகிறது என்று படிக்கிறார். இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். பிற்பகுதியில் பெரும்பாலும் புராஜெக்ட்.

நம் பாலாற்றங்கரையையே எடுத்துக்கொள்வோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோலும் ஷூவும்தான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. ஒரு ஸ்டிச்சிங் லைனில் ஒரு நாளைக்கு 600 ஜோடி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம். வகுத்தால் ஒரு ஜோடிக்கு 48 விநாடி. அதாவது 48 விநாடிக்கு ஒருமுறை லைனின் கடைசியில் ஒரு ஜோடி வந்து விழ வேண்டும். லைனில் முப்பது பேர் இருக்கிறார்கள். இருபத்தொன்பது பேர் 40 விநாடியில் முடிக்கிறார்கள். ஒரே ஒரு மேஜையில் மட்டும் 70 விநாடி ஆகிறது. அப்படியானால் அன்றைக்கு 411 ஜோடிக்கு மேல் வராது. மீதி இருபத்தொன்பது பேரை எவ்வளவு விரட்டினாலும், ஓவர்டைம் கொடுத்தாலும், அந்த 70 விநாடி மேஜைக்கு முன்னால் குவியல்தான் உயரும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? எல்லோரையும் சேர்த்து விரட்டுகிறோம். அந்த மேஜையைக் கண்டுபிடித்து, அந்த வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதற்கு லைன் பேலன்சிங் என்று ஒரு பாடமே இருக்கிறது.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்தது. உள்ளே இருக்கும் சரக்கை, ஒரு நாளில் வெளியே போகும் சரக்கால் வகுத்தால், ஒரு சரக்கு சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்று தெரிந்துவிடும். தொழிற்சாலைத் தரையில் அரைகுறையாக 6,000 ஜோடி கிடக்கிறது, ஒரு நாளைக்கு 600 ஜோடி வெளியே போகிறது என்றால், இன்று கட்டிங்கில் வெட்டிய தோல் ஷூவாக வெளியேற பத்து நாள். தரையில் 3,000 ஜோடி மட்டும் இருந்தால் ஐந்து நாள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். தோல் விலை தெரிந்த முதலாளிமார்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த ஐந்து நாள் சரக்கு உங்கள் பணம். கூலி கொடுத்தாகிவிட்டது, தோலுக்குக் கொடுத்தாகிவிட்டது, ஆனால் ஷிப்மெண்ட் போகவில்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தானே பேங்குக்குப் போகிறோம்? வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, சனிக்கிழமை ஓவர்டிராஃப்ட் கையெழுத்துப் போடும் சங்கடம் இங்கே பலருக்கும் தெரியும். யாரையும் குத்திச் சொல்லவில்லை. வட்டியை விட்டு விலக நாம் துஆவும் செய்ய வேண்டும், தரையில் கிடக்கும் சரக்கையும் எண்ண வேண்டும். எண்ணத் தெரிந்த பிள்ளை நமக்கு வேண்டும்.

அடுத்தது தரம். வெளிநாட்டு பையரின் இன்ஸ்பெக்டர் வருகிறார். 1,000 ஜோடி அடுக்கியிருக்கிறோம். அவர் 80 ஜோடியைப் பிரித்துப் பார்க்கிறார். பெரிய குறை ஐந்துவரை இருந்தால் ஏற்றுக்கொள்கிறார். ஆறு என்றால் மொத்தமும் நின்றுவிடுகிறது. "அந்த ஆளுக்கு அன்று மூடு சரியில்லை" என்று நம் ஊரில் சொல்வார்கள். அது மூடு இல்லை. சர்வதேச அட்டவணை ஒன்று இருக்கிறது. 501 முதல் 1,200 வரையிலான தொகுதிக்கு வழக்கமான சோதனையில் 80 மாதிரி, ஏ.க்யூ.எல். 2.5 என்று ஒப்பந்தமானால் ஐந்துக்குப் பச்சை, ஆறுக்குச் சிவப்பு. அந்த எண்கள் நிகழ்தகவுக் கணக்கிலிருந்து வருகின்றன. அவர் கையில் இருக்கும் அட்டவணை நம் கையிலும் இருந்தால், அவர் வருவதற்கு முன்பே நமக்கு முடிவு தெரியும்.

அதைவிட முக்கியம், குறை உண்டாகும் இடத்திலேயே பிடிப்பது. வால்டர் ஷூஹார்ட் என்பவர் 1924-ல் அமெரிக்காவில் ஒரு கட்டுப்பாட்டு வரைபடம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு மணிக்கும் சில மாதிரிகளை அளந்து புள்ளி வைத்துக்கொண்டே போனால், வேலை கை மீறிப் போகிறதா, வழக்கமான ஏற்ற இறக்கம்தானா என்று கோடு காட்டிவிடும். ஷூ கெட்ட பிறகு சோதிப்பது அறுவடை முடிந்து களை எடுப்பது மாதிரி. டேனரிக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். 2015 மே முதல் ஐரோப்பிய யூனியனில் தோலில் ஆறாம் நிலை குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே விற்க முடியாது. பதனிடும்போது நல்ல குரோமியமாக இருந்தது, சூட்டாலும் வெளிச்சத்தாலும் பிறகு மாறிவிடலாம். கடைசியில் லேப் ரிப்போர்ட் வந்த பிறகு தலையில் கை வைத்து என்ன பயன்?

விலை போடுவதும் ஒரு பாடம். நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பெயர் வேண்டாம், நல்ல விலை என்று நம்பி ஒரு பெரிய ஆர்டர் எடுத்தார். ஆறு மாதம் இரவு பகலாக வேலை. முடிவில் கணக்குப் பார்த்தால் ஜோடிக்கு இத்தனை என்று நஷ்டம். மின்சாரம், ஜெனரேட்டர், கழிவுநீர்ச் செலவு, திருத்த வேலை எல்லாம் எந்த ஜோடியின் தலையில் விழுகிறது என்று அவர் பிரிக்கவே இல்லை. ஆர்டர் வந்த சந்தோஷத்தில் நாமும் அவரை வாழ்த்திவிட்டு வந்தோம்.

ஹஜ்ரத்மார்கள் இருக்கும் சபையில் ஒரு வார்த்தை. நாமும் மதரஸாவில் ஓதியவர்கள்தான். ஃபராயிள் பாடத்தில், மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்று பங்கு பிரிக்கும்போது கண் பிதுங்கியது நினைவிருக்கிறது. அல்ஜிப்ராவுக்குப் பெயர் தந்த அல்குவாரிஸ்மியின் நூலில் ஒரு பெரும் பகுதி இந்த வாரிசுப் பங்குக் கணக்குதான். அதே மாதிரிச் சமன்பாடுகளை நீட்டித்தான் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் எந்த மெஷினில் எந்த ஆர்டரை எவ்வளவு ஓட்டுவது என்று கணக்குப் போடுகிறார்கள். யூசுஃப் நபி (அலை) ஏழு செழிப்பான ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமித்து, ஏழு பஞ்ச ஆண்டுகளுக்கு அளந்து கொடுத்த வரலாறு நமக்குத் தெரியும். தாவூத் நபி (அலை) போர்க்கவசம் செய்தபோது அதன் கண்ணிகளை அளவாகப் பின்னும்படி அவர்களுக்குக் கட்டளை வந்ததையும் ஓதியிருக்கிறோம். செய்யும் வேலையைச் செம்மையாகச் செய்வதற்கு இத்கான் என்று நமக்குச் சொல்லே இருக்கிறது. இதையெல்லாம் சொல்லி, எம்.இ. பாடமே குர்ஆனில் இருக்கிறது என்று நாம் வாதாடப் போவதில்லை. அப்படிப் பேசுவது இரண்டுக்கும் மரியாதை ஆகாது. அளப்பதும் சேமிப்பதும் திட்டமிடுவதும் தீனுக்கு அந்நியமான வேலை என்று எண்ண வேண்டாம், அவ்வளவுதான்.

ஏட்டில் படித்தால் எல்லாம் வந்துவிடுமா? வராது. நமக்குப் பாடம் சொன்ன அந்தத் தம்பியே சொன்னார். படித்து முடித்து முதல் வேலையில் ஸ்டாப்வாட்சோடு லைனில் போய் நின்றாராம். ஒரே நிமிடத்தில் பெண்கள் எல்லோருடைய கையும் மெதுவாகிவிட்டது. நேரத்தை அளந்து கூலியைக் குறைக்க வந்திருக்கிறார் என்று பயம். இருபது வருடமாகத் தைக்கும் ஒரு அம்மா சொன்னாராம்: "என் கையை அளக்காதே தம்பி. பக்கத்து மேஜையிலேர்ந்து பீஸ் வர எவ்வளவு நேரம் நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்னு அளந்து பாரு." அளந்தாராம். அந்த அம்மாவின் நாளில் பெரும் நேரம் காத்திருப்பிலேயே போயிருந்தது. தொழிலாளர் உறவு, பணியிட வசதி, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் எல்லாம் படித்திருந்தும், அன்றுதான் அந்தப் பாடம் விளங்கியது என்றார்.

இந்த இடத்தில் சகோதரிகளுக்கு ஒன்று. ஸ்டிச்சிங் லைனில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களோடு பேசி, அவர்கள் வேலையைப் புரிந்துகொண்டு, லைனைச் சீரமைக்க ஒரு பெண் இன்ஜினீயர் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இந்த ஆண்டு வந்திருக்கும் மூன்று விண்ணப்பங்களில் ஒன்று ஒரு மகளுடையது. "கல்யாண வயசுல எதுக்கு எம்.இ.?" என்று செயற்குழுவில் ஒரு குரல் வந்தது உண்மை. அந்தப் பிள்ளையின் தகப்பனார் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கும்போது நமக்கு என்ன கவலை என்று விட்டுவிட்டோம்.

எங்கே படிக்கலாம் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இதற்கென்றே இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் துறை இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் அண்டு மேனேஜ்மெண்ட் என்று எம்.டெக் உண்டு. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் தரம், நம்பகத்தன்மை, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் மூன்றும் சேர்ந்த எம்.டெக் இருக்கிறது. மஹலனோபிஸ் 1931-ல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே கல்விக் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் தருகிறார்கள். மும்பையில் 1963-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உதவியோடு தொடங்கிய நிட்டி, 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆகியிருக்கிறது, அங்கே நுழைய கேட் தேர்வு கிடையாது, கேட்டுக்கு ஒலிப்பில் நெருங்கிய கேட் என்னும் மேலாண்மைத் தேர்வு. எழுத்து வேறு, குழம்ப வேண்டாம். வேலையை விட முடியாதவர்களுக்கு, பணியில் இருந்தபடியே படிக்க பிட்ஸ் பிலானி மேனுஃபாக்சரிங் மேனேஜ்மெண்ட் எம்.டெக் நடத்துகிறது. குடும்பப் பொறுப்பு உள்ளவர்கள் இதை யோசிக்கலாம்.

கேட் பொறியியல் தேர்வு ஆண்டுதோறும் பிப்ரவரியில். மெக்கானிக்கல் தவிர, புரொடக்ஷன் அண்டு இண்டஸ்ட்ரியல் என்று தனித் தாளும் உண்டு. தேறிச் சேர்ந்த முழுநேர மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதம் உதவித்தொகை. தேறாதவர்களும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சீட்டா-பி.ஜி. தேர்வெழுதிச் சேரலாம். ஆனால் அந்த உதவித்தொகை அவர்களுக்குக் கிடையாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பதற்குப் பதில் எம்.இ. சேர்ந்துவைப்போம் என்று ஏதோ ஒரு கல்லூரியில், வகுப்பெடுக்க ஆளே இல்லாத துறையில் போய்ச் சேருவதற்கு நாம் ஒரு ரூபாய்கூடத் தரப்போவதில்லை. முடிந்தால் ஓரிரு வருடம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுப் போங்கள். தரையைப் பார்த்தவருக்குத்தான் பாடம் தித்திக்கும்.

இனி பொருளாளரின் கேள்விக்கு வருகிறோம். ஜகாத் பணத்தைத் தொட மாட்டோம். அதற்கு உரிய எட்டுப் பிரிவினரை அல்லாஹ்வே வகுத்துவிட்டான். ஏழை மாணவர் கையில் ஒப்படைக்கும் முதல் பட்ட உதவி அதிலிருந்து முன்போலவே தொடரும், அதில் ஒருவருடைய இடமும் குறையாது. முதுநிலைக்கு நாம் முன்வைப்பது நம் கடை வாடகை வரவிலிருந்து அழகிய கடன். வட்டி இல்லை, சர்வீஸ் சார்ஜ் என்ற பெயரிலும் எதுவும் இல்லை. வேலை கிடைத்து ஆறு மாதம் கழித்துத் தவணையாகத் திருப்ப வேண்டும். திரும்பி வரும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். எழுத்தில் பத்திரம், இரண்டு சாட்சி. "நம் பிள்ளைகளிடமே பத்திரமா?" என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். கடனை எழுதிக்கொள்ளச் சொல்வதுதான் குர்ஆனின் மிக நீளமான வசனம்.

"கடன் வாங்கிப் படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டால்?" என்று கேட்டார்கள். போகட்டும். காலில் கயிறு கட்ட நமக்கு அதிகாரம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். மூன்றாவது அல்லது நான்காவது செமஸ்டர் புராஜெக்டை நம் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் செய்ய வேண்டும், கல்லூரி அனுமதிக்கும் பட்சத்தில்.

இதில்தான் சிக்கல். மாணவர் தயார். தொழிற்சாலை தயாரா? பிள்ளை வந்து எத்தனை ஜோடி வெட்டினீர்கள், எத்தனை திரும்பி வந்தது என்று கேட்டால், ரெஜிஸ்டரை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வருமான வரிக்காரர் மாதிரி பார்க்கிறோம். சில இடங்களில் ரெஜிஸ்டரே இல்லை, எல்லாம் பழைய மேஸ்திரியின் தலைக்குள். அந்தத் தலைகள் ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டன. முன்வரிசையில் இருக்கும் முதலாளிமார்களிடம் பணம் கேட்கவில்லை. ஆறு மாதம் ஒரு பிள்ளைக்கு ஒரு மேஜையும் உங்கள் உற்பத்திக் கணக்கும் கொடுங்கள். பிள்ளை பார்த்ததை வெளியே சொல்லாது என்று அறக்கட்டளை எழுதித் தரும். இரண்டு பேர் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள். மூன்று விண்ணப்பத்துக்கு இன்னும் ஒருவர் வேண்டும்.

கடைசியாக, வளைகுடாவில் இருக்கும் அந்தத் தம்பியோடு சென்ற மாதம் போனில் பேசினோம். அன்று மறுத்தது தவறு என்று சொன்னோம். அவர் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தார். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அவருடையது முடிந்துவிட்டது. இனி படிப்பதென்றால் மறுபடியும் எழுத வேண்டும். தங்கை கல்யாணம் வேறு நிற்கிறது. "பார்க்கலாம் மாமா, இன்ஷா அல்லாஹ்" என்றார். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வழிகளைக் குறித்த தாளை அவருக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

தீர்மானத்தின் நகல் உங்கள் நாற்காலிகளில் இருக்கிறது. அஸர் பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம். தொழுகை முடிந்ததும் கை தூக்கி வாக்கெடுப்பு.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.